வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம், யாரோடு பேசுவது? மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்குமான ஒரு வாட்ஸ்அப் குரூப்பை நானும் இன்னும் சிலரும் சேர்ந்து கவனித்துக்கொள்கிறோம். என் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த பிறகு வீல்சேரில் இருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். எனக்கு அதிகம் தெரிந்தது தண்டுவடம்தான், அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கம் சாயும். பார்வை, செவித்திறன், ஆட்டிசம், பக்கவாதம், மறதி நோய் என்று எந்தக் காரணத்துக்காக வீட்டோடு இருந்தாலும் இதில் பாதிக்கு மேல் உங்களுக்கும் பொருந்தும்.

வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அப்புறம் எதற்கு முகம் தெரியாதவர்கள்?

வீட்டில் இருப்பவர்களிடம் சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கின்றன, அதற்காகத்தான். மூன்று நாளாக மோஷன் போகவில்லை, டயப்பர் மாற்றும்போது மாமியார் முகம் சுளித்தார், இரவு திரும்பிப் படுக்க மனைவியை எழுப்பக் கூச்சமாக இருக்கிறது. இதையெல்லாம் நலம் விசாரிக்க வரும் சித்தப்பாவிடம் சொல்ல முடியுமா? அவரும் முதல் மாதம் பழம் வாங்கிக்கொண்டு வருவார், இரண்டாம் மாதம் போன் செய்வார், அப்புறம் அவருக்கும் அவர் பாடு இருக்கிறது.

எங்கள் குரூப்பில் புதிதாக ஒருவர் வந்தால் முதலில் கேட்பது "லெவல் என்ன?" என்பதைத்தான். முதுகெலும்பில் எந்த இடத்தில் அடி என்று அர்த்தம். டி என்றால் நெஞ்சுப் பகுதி எலும்பு, எல் என்றால் இடுப்புப் பகுதி எலும்பு, எண் மேலிருந்து கீழே போகும். "டி 12" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்: கை நன்றாக இருக்கும், கால் இல்லை, சிறுநீருக்கு ட்யூப், வீல்சேரில் தானாக ஏறி இறங்கப் பழகலாம் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். சொந்த ஊரில் நூறு பேருக்கு விளக்கிக் களைத்த விஷயத்தை இங்கே விளக்கவே வேண்டியதில்லை. அதில் கிடைக்கும் ஆசுவாசம் பெரியது.

சரி, எங்கே தேடுவது?

முதலில் சிகிச்சை பார்த்த இடத்தில் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சமூகப் பணியாளர், இந்த மூவரில் ஒருவருக்காவது பழைய நோயாளிகளின் குரூப் ஒன்று தெரிந்திருக்கும். பெரிய டாக்டரைவிட இவர்களிடம் கேட்பதே பலன் தரும், ஏனென்றால் நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் தொடர்பில் இருப்பவர்கள் இவர்கள்தான்.

அடுத்தது அமைப்புகள். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைப் பலருக்குத் தெரியும். அதை ஆரம்பித்த ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அதற்கு அடித்தளம் போட்ட டாக்டர் மேரி வர்கீஸும் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்தான். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குச் சென்னையில் 1985 முதல் இயங்கும் வித்யா சாகர் இருக்கிறது. மனச்சிதைவு உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு அதே சென்னையில் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப். தசைச்சிதைவு என்றால் சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் தொடங்கிய ஆதவ் அறக்கட்டளை. அவர்கள் இருவருக்குமே தசைச்சிதைவு இருந்தது. உரிமைக்காகப் போராட, அலுவலகங்களில் பேச, தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் இருக்கிறது. பாதுகாப்போரையும் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட சங்கம் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. இப்படி ஒரு இடத்தில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டால் அவர் வழியாகக் குரூப் கிடைத்துவிடும்.

ஃபேஸ்புக்கில் தேடுவதாக இருந்தால் நோயின் பெயரைத் தமிழிலும் தேடுங்கள், ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால்தான் கிடைக்கும் தமிழ் குரூப்புகள் நிறைய. பிரைவேட் குரூப்பா என்று பார்த்துச் சேருங்கள். அதில் எழுதுவதை உறுப்பினர்கள் மட்டுமே படிக்க முடியும். சில குரூப்புகளில் பெயர் தெரியாமல் எழுதவும் வசதி உண்டு, ஆனால் அட்மினுக்கு உங்கள் பெயர் தெரியும் என்பது நினைவிருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சேர்ந்தால் உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் நம்பரை மறைத்துக்கொள்ளலாம். தனியாக இருக்கும் பெண்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

ஆயிரம் பேர் இருக்கும் குரூப்பில் தகவல் கிடைக்கும். நட்பு கிடைப்பது பெரும்பாலும் முப்பது, நாற்பது பேர் இருக்கும் இடத்தில். இரண்டிலும் இருங்கள்.

சேர்ந்துவிட்டேன். என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

கொஞ்ச நாள் சும்மா படியுங்கள், தவறே இல்லை. எழுதத் தோன்றும்போது பெரிய அறிமுகம் வேண்டாம். ஒரு சின்னக் கேள்வியோடு வாருங்கள். "வணக்கம். எங்க வீட்டுக்காரருக்கு எல் 1. வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகுது. வாட்டர் பெட் நல்லதா, ஏர் பெட் நல்லதா?" இந்த அளவு போதும். சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் பதில் சொல்லியிருப்பார்கள், அதில் இரண்டு பேர் தனியாக "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டிருப்பார்கள். அந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ அறிக்கை, ஆதார், அடையாள அட்டை இவற்றின் படங்களைப் போடாதீர்கள். யாராவது கட்டாயம் வேண்டும் என்று கேட்டால் அந்த இடத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

விரல் வேலை செய்யாது. கண் தெரியாது. காது கேட்காது. எப்படிக் குரூப்பில் பேசுவது?

ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது, பெரும்பாலானவை இலவசம்.

கழுத்தில் அடிபட்டு விரல் மடங்காதவர்கள், உள்ளங்கையில் மாட்டும் பட்டையில் டச் பேனாவைச் செருகித் தட்டுகிறார்கள். வாயில் குச்சி வைத்துத் தட்டுபவர்களும் உண்டு. ஜிபோர்டு விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். 2017-லிருந்து இந்த வசதி தமிழில் இருக்கிறது. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப மைக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். மைக்கைத் தொட்டு மேலே இழுத்தால் பூட்டு விழும். அப்புறம் கையை எடுத்துவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். இதைக் காட்டிக்கொடுத்த அன்று ஒரு தம்பி மூன்று வருடக் கதையையும் ஒரே மூச்சில் பேசி அனுப்பினார்.

பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்கள் இருக்கின்றன: ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கம்ப்யூட்டரில் என்விடிஏ. என்விடிஏவை 2006-ல் எழுத ஆரம்பித்தவர் பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலிய இளைஞர். இன்றுவரை அது இலவசம்தான். குரூப்பில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படம் போட்டால் கீழே ஒரு வரி எழுதுங்கள். அரசாணையை போட்டோ எடுத்துப் போட்டால் திரைவாசிப்பானில் கேட்பவருக்கு "படம்" என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போகலாம்.

காது கேளாதவர்களுக்கு வீடியோ கால் ஒரு பெரிய வரம். கைமொழியில் வளர்ந்தவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அவர்கள் எழுதும் வாக்கியம் முன்பின்னாக இருந்தால் அதைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், சொல்ல வந்ததற்குப் பதில் சொல்லுங்கள். பாதியில் செவித்திறன் குறைந்தவர்களுக்கு கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் உதவும், எதிரில் பேசுவதைத் தமிழ் எழுத்தாகத் திரையில் காட்டும்.

பார்த்துக்கொள்பவள் நான். எனக்கு ஏது நேரம்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். அப்படியென்றால் இரவிலும் உங்களுக்குத் தொடர்ந்து தூக்கம் கிடையாது. குளிப்பாட்டுவது, யூரின் பேக் காலி செய்வது, பிசியோ, மாத்திரை, நடுவில் சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். உட்கார்ந்து ஒருவரோடு அரை மணி நேரம் பேச வாய்ப்பே இல்லை. அதனால்தான் போன் குரூப் நமக்கு ஒத்துவருகிறது. காலையில் நீங்கள் கேட்டதற்கு மதியம் ஒருவர், இரவு ஒருவர் என்று பதில் சொல்வார்கள். குக்கர் விசில் வரும் நேரத்தில் வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக்கொள்ளலாம். நடுராத்திரி திருப்பிவிட எழுந்தவள் "யாராவது முழிச்சிருக்கீங்களா?" என்று போட்டால், இன்னொரு ஊரில் அதே வேலைக்கு எழுந்த இன்னொருத்தி "நான் இருக்கேன்கா" என்பாள். வளைகுடாவில் வேலை செய்துகொண்டே ஊரில் இருக்கும் அப்பாவை நினைத்துக் கவலைப்படும் பிள்ளைகளும் அந்த நேரத்தில் இருப்பார்கள்.

உங்களுக்கென்று தனியாக ஒரு குரூப் வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்வேன். கணவரும் இருக்கும் குரூப்பில் "இன்றைக்கு எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருக்கிறது" என்று எழுத முடியாது. அதை எழுதிவிட்டால் மனசு இறங்கும், மறுநாள் வேலை ஓடும். அப்படி எழுதுகிறவள் அன்பில்லாதவள் என்று யாரும் சொல்ல வேண்டாம். வருடக்கணக்கில் ஒருவரைத் தூக்கிச் சுமந்த எல்லோருக்கும் அந்த நினைப்பு வந்திருக்கிறது.

இடுப்பு வலி, உங்கள் சர்க்கரை, உங்கள் மாதவிடாய்ப் பிரச்சினை இவற்றையும் அங்கே கேளுங்கள். பேசினால் மற்றவர்களுக்கும் அதே வலி இருப்பது தெரியவரும். படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாற்றும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, பலகை போட்டுச் சறுக்கி மாற்றும் முறையை வீடியோ எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு தகவல். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ம் பிரிவு, அதிக உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகையையும் குறிப்பிடுகிறது. உங்கள் மாவட்டத்தில் யாருக்குக் கிடைத்தது, எந்தப் படிவம், எந்த நாளில் முகாம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளும் இடம் பெரும்பாலும் குரூப்தான்.

என் கணவரைப் பற்றி, என் பிள்ளையைப் பற்றி நான் எழுதலாமா?

கேட்டுவிட்டு எழுதுங்கள். அவருடைய உடம்பு, அவருடைய கதை. புண்ணின் படத்தை ஆலோசனைக்காகப் போட வேண்டியிருந்தால் முகம் தெரியாமல் எடுங்கள், அவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். பேச முடியாத பிள்ளையாக இருந்தால், பெரியவனாகி இதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை தரையில் புரண்டு அழுவதை வீடியோ எடுத்துப் போடும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது, இருந்தாலும் அந்த வீடியோ வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: அவருக்கென்று சொந்தமாக ஒரு போன் இருக்கட்டும். மனைவியின் போனில், மனைவி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பேச முடிகிற ஆண் யாரிடமும் மனம் திறக்க மாட்டார். என் கணவருடைய மெசேஜ்களை நான் படிப்பதில்லை.

குரூப்பில் சொல்லும் வைத்தியத்தை நம்பலாமா?

அனுபவத்தை நம்பலாம், மருந்துப் பெயரை நம்பக் கூடாது.

எது அனுபவம் என்பதற்கு ஓர் உதாரணம். டி 6 அல்லது அதற்கு மேலே அடிபட்டவர்களுக்குத் திடீரென்று மண்டை பிளக்கிற மாதிரி தலைவலி வரும், முகம் சிவந்து வியர்க்கும், ரத்த அழுத்தம் எகிறும். தலைவலி மாத்திரை தேடிக்கொண்டிருக்கக் கூடாது, இது அவசர நிலை. பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பி ட்யூப் அடைத்திருக்கும், அல்லது மடிந்திருக்கும். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, ட்யூபைப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் இறங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. பக்கத்துத் தெரு கிளினிக்கில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் குரூப்பில் பழையவர்கள் எல்லோருக்கும் தெரியும், "முதல்ல ட்யூபைப் பாருங்க" என்று உடனே எழுதுவார்கள்.

ஆனால் ஸ்டெம் செல் போட்டால் நடந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காசைப் பத்திரமாக வையுங்கள். இந்தியாவின் 2017 வழிகாட்டு நெறிமுறைப்படி, ரத்தம் தொடர்பான அனுமதிக்கப்பட்ட சில நோய்களைத் தவிர, ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. நிலத்தை விற்றுக் கொடுத்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன்.

பணம் கேட்கிறார்கள், அட்டை வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். யார் உண்மை?

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர் தரகர். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. சிகிச்சைக்கு உதவி கேட்டு வரும் மெசேஜுக்கு, ஆஸ்பத்திரிக் கணக்கில் நேரடியாகக் கட்ட முடியும் என்றால் மட்டும் கொடுங்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் தினமும் தனியாகப் பேசுகிறார். நல்லவர் போலத்தான் இருக்கிறார்.

நல்லவராகவே இருக்கலாம். இப்படிப் பேச ஆரம்பித்துத் திருமணம் செய்துகொண்டவர்களை எனக்குத் தெரியும், சந்தோஷமாக இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிக்கு எதற்குக் காதல் என்று கேட்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள்.

ஆனால் வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் படத்தை, கால், தழும்பு இவற்றின் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்கள் உண்டு. ஊனத்தைப் பார்த்துக் கிளர்ச்சி அடைகிறவர்கள் அவர்கள். பெண்களிடம்தான் அதிகம் வருவார்கள், சில சமயம் தாங்களும் மாற்றுத்திறனாளி என்று பொய் சொல்லியே வருவார்கள். வீடியோ காலில் முகம் காட்டச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் பிளாக் செய்யுங்கள், அட்மினிடமும் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர்கள் உங்களைக் கேட்காமல் குரூப்பில் சேர்த்துவிடாமல் இருக்க, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் குரூப்ஸ் என்பதில் "மை கான்டாக்ட்ஸ்" வைத்துவிடுங்கள்.

குட் மார்னிங் படம், ஜெப அழைப்பு, அரசியல் சண்டை. தாங்க முடியவில்லை.

நல்ல அட்மின் இருந்தால் இது இருக்காது. மாறவில்லை என்றால் சத்தமில்லாமல் விலகி வேறு குரூப் பாருங்கள்.

குரூப்பில் ஒருவர் இறந்துவிட்டார். அதிலிருந்து போனைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

எங்கள் குரூப்பிலும் நடந்திருக்கிறது. சிறுநீரகத் தொற்று, படுக்கைப் புண்ணிலிருந்து பரவும் கிருமி, இவை இன்னும் உயிரை எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வாரக்கணக்கில் மியூட்டில் போடுங்கள். நெருங்கியவர்களிடம் மட்டும் "கொஞ்ச நாள் வரமாட்டேன், நலமாக இருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் பதறாமல் இருப்பார்கள். இறந்தவரின் வீட்டாரைக் குரூப்பிலிருந்து உடனே நீக்கிவிடாதீர்கள். அவர்கள் அழ வேறு இடம் இல்லாமல் இருக்கலாம்.

நேரில் பார்க்காத நட்பெல்லாம் நட்பா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். டுஷேன் தசைச்சிதைவு. கடைசி வருடங்களில் பெரும்பாலான நேரம் வீட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டிலேயே இருந்தார். பிள்ளைக்கு நண்பர்களே இல்லை என்று பெற்றோர் வருந்தினார்கள். 2014-ல், 25 வயதில் அவர் இறந்தார். தகவலை அவருடைய வலைப்பூவில் போட்டபோது, விளையாட்டில் அவரோடு இருந்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. தங்கள் மனச்சோர்வில், குடும்பச் சண்டையில் அவர் எப்படித் துணையாக இருந்தார் என்று எழுதியிருந்தார்கள். சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அவர்களில் பலருக்கு அவருடைய நோய் பற்றி வெகுகாலம் தெரியாது.

வீட்டில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் நண்பர்களின் பெயரையும் சொல்லுங்கள். "போன்ல இருக்கான்" என்பதைவிட "திண்டுக்கல் அண்ணாவோட பேசிட்டு இருக்கேன்" என்றால் வீட்டாருக்கும் அது ஓர் ஆளாகத் தெரியும்.

நேரில் சந்திக்க ஆசை. எப்படி?

வேலூரில் சிஎம்சி மறுவாழ்வு மையம் நடத்தும் ரீஹேப் மேளாவுக்குப் பழைய நோயாளிகள் கூடுவார்கள், பரிசோதனையும் உண்டு, விளையாட்டும் உண்டு. அந்த மாதிரி இடம்தான் முதல் சந்திப்புக்கு நல்லது. ஓட்டலிலோ மண்டபத்திலோ வைப்பதென்றால் படி எத்தனை, கழிப்பறைக் கதவுக்குள் வீல்சேர் நுழையுமா, இந்த இரண்டையும் போட்டோவோடு கேளுங்கள். "ரெண்டே ரெண்டு படிதான், தூக்கிடலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கூட வருகிறவருக்கும் உட்கார நாற்காலி, சாப்பாடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல விழாக்களில் அவரைச் சுவரோரம் நிற்க வைத்துவிடுகிறார்கள்.

சாக வேண்டும் போலிருக்கிறது. இதைக் குரூப்பில் சொல்லலாமா?

சொல்லுங்கள், ஆனால் குரூப்போடு நிற்காதீர்கள். 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்பவர்களும் அழைக்கலாம். வயதானவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் உண்டு. குரூப்பில் யாராவது இப்படி எழுதினால் "தைரியமா இருங்க" என்று கைகூப்பும் படம் போடாமல் உடனே அவரை போனில் கூப்பிடுங்கள். "தற்கொலை எண்ணம் இருக்கா? இப்ப பக்கத்துல யார் இருக்காங்க?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் அதிகமாகாது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்.

அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் தெரியாது. அவர்தான் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்.

பட்டன் போன் போதும். அதே நிலையில் இருக்கும் இன்னொரு அம்மாவின் நம்பரை அவர்களைக் கேட்டுக்கொண்டு வாங்கி, ஒரே பட்டனில் அழைக்கிற மாதிரி வைத்துக்கொடுங்கள். முதல் தடவை நீங்களே கான்ஃபரன்ஸ் போட்டு இருவரையும் பேச வைத்துவிட்டு, "அம்மா, நீங்க பேசிட்டு இருங்க, எனக்கு வேலை இருக்கு" என்று நகர்ந்துவிடுங்கள். நேரம் மட்டும் இருவருக்கும் ஒத்துவரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா மதியம் தூங்கும் நேரம் பெரும்பாலும் சரியாக வரும்.